கடைசி ஊசிக்கு வீடு தேடி வருபவர்கள்

2014 ஆகஸ்ட் வரை, அமெரிக்காவில் ஒரு கால்நடை மருத்துவர் சில மருந்துப் புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு நோயாளியின் வீட்டுக்குக் கிளம்பினால், சட்டத்தின் எழுத்துப்படி அது குற்றம். கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள், பதிவுசெய்த முகவரியைத் தாண்டி வெளியே போகக் கூடாது. மருந்துக் கடத்தலைத் தடுக்க 1970-இல் எழுதிய சட்டம் அது. பண்ணைக்குப் போய்க் குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவரையும், சாகக் கிடக்கும் நாயைப் பார்க்க வீட்டுக்குப் போகிறவரையும் அதை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்த இரண்டு கால்நடை மருத்துவர்களே இதைத் திருத்த முன்வந்தார்கள். ஓரிகனின் கர்ட் ஷ்ரேடர் ஜனநாயகக் கட்சி, புளோரிடாவின் டெட் யோஹோ குடியரசுக் கட்சி. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சேர்ந்து கொண்டுவந்த அந்த மசோதாவில் 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்டார்.

அந்தப் புட்டிகளில் ஒன்றின் பெயர் பென்டோபார்பிட்டல். அளவோடு கொடுத்தால் தூக்கம் வரும். அளவை மீறிக் கொடுத்தால் விலங்கு விழிப்பதில்லை.

அதை ஏன் வீடுவரை கொண்டுபோக வேண்டும்? நாய் வளர்ப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்குள் வண்டி திரும்பினாலே நடுங்கத் தொடங்கும் நாய்கள் உண்டு. மருந்து வாடை, முன்பின் தெரியாத நாய்களின் குரைப்பு, வழுக்கும் எஃகு மேஜை, முன்பு போட்ட ஊசிகளின் நினைவு எல்லாம் சேர்ந்து அதை அச்சுறுத்துகின்றன. பூனையின் பாடு இன்னும் மோசம். வாழ்நாளெல்லாம் நாலு சுவருக்குள் இருந்ததைக் கூடையில் அடைத்து, வண்டியில் குலுக்கி, நாய்கள் நிற்கும் கூடத்தில் காத்திருக்க வைக்கிறோம். எலும்புப் புற்றுநோய் வந்த ஐம்பது கிலோ நாயென்றால் தூக்கி வண்டியில் ஏற்றுவதே சித்திரவதை. தடுப்பூசிக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், வீடு திரும்பியதும் மறந்துவிடும். ஆனால் கடைசிப் பயணத்துக்குத் திரும்பும் வழி கிடையாது. அந்த நடுக்கத்தோடுதான் அது போய்ச் சேரும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே தொழிலை மாற்றிக்கொண்ட மருத்துவர்கள் இருக்கிறார்கள். புளோரிடா மாநிலம் டாம்பாவைச் சேர்ந்த டேனி மெக்வெட்டி அவர்களில் ஒருவர். கல்லூரி நாட்களில் மனிதர்களுக்கான ஹாஸ்பிஸில் தன்னார்வலராக இருந்தவர். குணமாக்க முடியாத கட்டத்தில் வலியைக் குறைத்து, மரியாதையோடு விடைபெற வைக்கும் மருத்துவத்தை அங்கே பக்கத்திலிருந்து பார்த்தார். 2009-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கிய அதே ஆண்டில், வயதான, நோயுற்ற செல்லப்பிராணிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சேவையைத் தொடங்கினார். 'லேப் ஆஃப் லவ்' என்று பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் அன்பின் மடி. தனியாளாக அவர் தொடங்கியதில் அதே பல்கலைக்கழகத்தில் படித்த மேரி கார்ட்னர் வந்து சேர்ந்தார். கார்ட்னர் மென்பொருள் வேலையிலிருந்து கால்நடை மருத்துவத்துக்கு வந்தவர். இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் அந்த அமைப்பில் பணிபுரிகிறார்கள். பலர் வேறு எந்த வைத்தியமும் பார்ப்பதில்லை. தடுப்பூசி இல்லை, பல் சுத்தம் இல்லை, இது ஒன்றுதான்.

இந்தச் சிந்தனையின் வேர் லண்டனில் இருக்கிறது. செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் அங்கே செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கைவிடப்பட்டவர்களுக்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது என்று காட்டினார். அது விலங்குகளிடம் வந்து சேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. 2001-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இதற்கென நெறிமுறைகளை ஏற்றது. சிகாகோவின் அமீர் ஷானன் முன்னின்று 2009-இல் விலங்கு ஹாஸ்பிஸுக்கான சர்வதேசச் சங்கம் உருவாயிற்று. விலங்கின் கடைசிக் காலத்தைக் கவனிப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்பது இப்போது பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது.

அப்படி ஒரு வருகை எப்படி நடக்கும்?

மருத்துவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவதில்லை. வந்ததும் பையைத் திறப்பதும் இல்லை. நாய் எங்கே படுத்திருக்கிறதோ அங்கே போய்த் தரையில் உட்காருகிறார். அது அவரை மோந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கிறார். வீட்டார் பேசுகிறார்கள்: குட்டியாக வந்த நாள், கடித்துக் குதறிய செருப்புகள், மகள் வெளியூர் போனபோது வாசலிலேயே படுத்துக்கிடந்தது. இதைக் கேட்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். ஆஸ்பத்திரியில் பத்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்ற கணக்கில் ஓடுகிறவர்களுக்கு இந்த நேரம் கிடைக்காது.

எங்கே நடக்க வேண்டும் என்பது வீட்டார் முடிவு. சோபா, தோட்டத்து மரநிழல், வெயில் விழும் ஜன்னல் ஓரம், யாராவது ஒருவரின் மடி. அதற்குப் பிடித்ததை ஊட்டலாம். நாய்க்கு நஞ்சு என்று ஆயுள் முழுக்கத் தடுத்து வைத்த சாக்லேட்டை அன்று மட்டும் கொடுக்கிறவர்கள் உண்டு. நஞ்சு வேலை செய்ய நேரம் இருக்காது.

முதலில் போடுவது மயக்க ஊசி. தோலுக்கடியிலோ தசையிலோ போடுவார்கள். ஒரு சிறு சுருக்கு, அவ்வளவுதான் அது உணரும் கடைசி வலி. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தலை சாய்கிறது, மூச்சு நீள்கிறது, சில நாய்கள் குறட்டை விடுகின்றன. மாதக்கணக்கில் வலியில் புரண்டது அசையாமல் தூங்குவதைப் பார்த்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வீட்டாருக்கு அப்போதுதான் உடைகிறது. அதன் காதில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்க விட்டுவிட்டு, மருத்துவர் கால் ரோமத்தில் கொஞ்சம் மழித்து நரம்பில் இரண்டாவது மருந்தை ஏற்றுகிறார். பென்டோபார்பிட்டல் முதலில் மூளையின் மேற்பகுதியை அணைக்கிறது. உணர்வு முற்றாக மறைந்த பிறகே மூச்சு நிற்கிறது, அதற்கும் பிறகே இதயம். எல்லாம் சில நிமிடங்களில் முடிகிறது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டுவிட்டு, "போயாச்சு" என்கிறார்.

நல்ல மருத்துவர் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். தசை துடிக்கலாம். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுப்பதுபோல் தெரியலாம். சிறுநீர் போகலாம். இவை உடலின் அனிச்சைச் செயல்கள், அதற்கு எதுவும் தெரியாது. முன்பே சொல்லாமல் விட்டால், "கடைசியில் துடித்தது" என்று அந்த வீடு பத்து வருடம் சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு களிமண்ணில் பாதத்தின் அச்சு எடுக்கிறார், ஒரு கொத்து ரோமம் கத்தரித்துக் கொடுக்கிறார், போர்வையில் சுற்றி முகம் மட்டும் தெரியும்படி தூக்கிப் போகிறார். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் வந்து மோந்து பார்க்க விடுகிறார்கள். காணாமல் போன துணையைத் தேடித் தேடி அது அலையாமல் இருக்க இது உதவும் என்பது இந்த மருத்துவர்கள் பலரின் கருத்து.

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லிலேயே 'கொலை' இருக்கிறது. கருணை என்று முன்னால் ஒட்டினாலும் கொலை கொலைதானே என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் கிரேக்க மூலத்துக்குப் பொருள் 'நல்ல சாவு'. நம் ஊரில் நல்ல சாவு என்று பெரியவர்கள் எதைச் சொல்வார்கள்? இழுத்துக்கொண்டு கிடக்காமல், சொந்த வீட்டுக் கூடத்தில், பிள்ளைகள் சுற்றி இருக்க, வாயில் ஒரு சொட்டுப் பால் விட ஆள் இருக்கப் போவது. அந்த மருத்துவர்கள் செய்வதைத் தமிழில் விளக்க இதைவிட நெருக்கமான வழி தெரியவில்லை.

இந்தக் கேள்வி இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயில் விழுந்தது. புரண்டு படுக்கக்கூட முடியாத வேதனை. இனி தேறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காந்தி ஆசிரமத்தாரோடு கலந்து பேசினார். எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் மருத்துவரை வரவழைத்து, கன்றுக்கு ஊசி போட்டு அதன் வாழ்வை முடிக்கச் சொன்னார். தான் செய்ததை மறைக்காமல் 'நவஜீவன்', 'யங் இந்தியா' இதழ்களில் எழுதினார். அகிம்சையின் தூதரே பசுவின் கன்றைக் கொன்றார் என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. அறுவை மருத்துவரின் கத்தி இம்சை ஆகாதது போலத்தான் இதுவும், சுயநலமோ கோபமோ இல்லாமல் அந்த உயிரின் வேதனையை மட்டும் கருதிச் செய்தது என்பது அவர் வாதம். 1960-இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் உள்ள விலங்கின் வாழ்வை முடித்து வைக்க இடம் தருகிறது.

இயற்கையாகவே போகட்டும் என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களையும் இந்த மருத்துவர்கள் ஒதுக்குவதில்லை. ஆனால் இயற்கைச் சாவு என்றால் மூலையில் விட்டுவிட்டுக் காத்திருப்பது அல்ல. வலிமருந்து வேளை தவறாமல் போக வேண்டும், மூச்சுத்திணறல் வந்தால் உடனே தணிக்க ஏற்பாடு வேண்டும், இரவெல்லாம் விழித்திருக்க ஆள் வேண்டும். ஊசியைவிட இதற்குத்தான் உழைப்பு அதிகம்.

ஊசி போடுவது இந்தத் தொழிலில் சிறு பங்குதான். எப்போது என்று கண்டுபிடிக்க உதவுவதே பெரும்பங்கு. வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா டாக்டர்?" கலிபோர்னியாவின் புற்றுநோய் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் இதற்கென ஓர் அளவுகோல் வகுத்தார். வலியும் மூச்சும், பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது, இப்படி ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் வந்தால் தொடரலாம். வலியோடு மூச்சையும் முதல் கேள்வியிலேயே அவர் சேர்த்ததற்குக் காரணம் உண்டு, மூச்சுக்குத் திணறுவதைவிடக் கொடிய வேதனை இல்லை.

மதிப்பெண் போட மனம் வராதவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. சுவரில் தொங்கும் காலண்டரில் தினமும் ஒரு குறி. நல்ல நாளென்றால் வட்டம், மோசமான நாளென்றால் பெருக்கல் குறி. தினமும் பக்கத்திலேயே இருப்பவருக்கு மெல்ல மெல்ல நடக்கும் தேய்வு தெரியாது, மூன்று வாரக் குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். "வாலாட்டுகிறதே" என்பதை மட்டும் நம்பக் கூடாது. கடும் வலியிலும் எசமானைக் கண்டால் நாய் வாலாட்டும். பூனையோ வலியைக் காட்டவே காட்டாது, கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

நோயைப் பொறுத்தும் கணக்கு மாறும். மூட்டுத் தேய்மானம் என்றால் நாள் குறிக்க அவகாசம் உண்டு. இதயம் பழுதாகி நுரையீரலில் நீர் கோக்கும் நாய்க்கும், மண்ணீரலில் ரத்தக்கட்டி உள்ள நாய்க்கும் அந்த அவகாசம் இல்லை. காலையில் நன்றாக இருந்தது ராத்திரி மூச்சுக்குத் தவிக்கும், அல்லது வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிச் சரியும். இப்படிப்பட்ட நோயில் 'இன்னும் ஒரு நாள்' என்று கேட்பது, நிம்மதியான சாவை அவசர சிகிச்சை அறைக்கு அடகு வைப்பதுபோல.

அதற்கு முந்தைய மாதங்களிலும் செய்ய நிறைய இருக்கிறது. வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு விரிப்பது, சாப்பாட்டுத் தட்டைக் குனியாமல் எட்டும் உயரத்தில் வைப்பது, சிறுநீரகம் கெட்ட பூனைக்கு வீட்டிலேயே தோலுக்கடியில் திரவம் ஏற்றக் கற்றுக்கொள்வது. ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். வலியைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கும்.

தினமும் சாவைப் பார்க்கும் இந்த மருத்துவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? கால்நடை மருத்துவர்களின் மனநிலை குறித்த கவலை உண்மையானது. 1979 முதல் 2015 வரை அமெரிக்காவில் இறந்த கால்நடை மருத்துவர்களைப் பற்றி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் பெண் மருத்துவர்கள் தற்கொலையால் இறப்பது 3.5 மடங்கு, ஆண்கள் 2.1 மடங்கு. படிப்புக் கடன், ஓயாத வேலை, வசை பாடும் வாடிக்கையாளர்கள், பணமில்லாததால் மட்டுமே முடிக்க வேண்டிவரும் உயிர்கள் என்று சுமைகள் பல. கடைசிக் காலப் பணியை மட்டும் செய்கிறவர்கள் இன்னும் சீக்கிரம் உடைந்துபோவார்கள் என்றே யாரும் நினைப்போம். ஆனால் அந்தப் பணியிலேயே ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பவர்கள் பலர். அங்கே அவர்கள் வேலையில் அவசரம் இல்லை. முடிக்கும் ஒவ்வொரு உயிரும் உண்மையிலேயே முடிய வேண்டிய வேதனையில் இருந்தது. போகும்போது வீட்டார் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார்கள். நன்றாகச் செய்த வேலை மனசை அரிப்பதில்லை.

துக்கத்தை மட்டும் எந்த ஊசியாலும் தணிக்க முடியாது. நாய் செத்த வீட்டுக்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை, அலுவலகத்தில் விடுப்புக் கேட்கவும் கூச்சம். "ஒரு நாய்க்கா இப்படி?" என்ற கேள்வி உறவிலிருந்தே வரும். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-இல் இப்படி ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கங்களுக்கென்றே ஒரு தனிப்பெயர் வைத்தார். அதே ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், செல்லப்பிராணியை இழந்தவர்கள் தொலைபேசியில் அழைத்து மனம்விட்டுப் பேச ஓர் ஏற்பாடு தொடங்கியது. கால்நடை மருத்துவ மாணவர்களே எதிர்முனையில் இருந்து கேட்டார்கள்.

குழந்தைகளிடம் பொய் சொல்ல வேண்டாம் என்பதும் இந்தத் துறையினர் வற்புறுத்துவது. 'தூங்க வைத்துவிட்டோம்' என்றால் அன்று ராத்திரி குழந்தை தூங்கப் பயப்படும். 'ஊருக்குப் போயிருக்கிறது' என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். செத்துப்போய்விட்டது, இனி வராது, அதற்கு வலிக்கவில்லை. இந்த மூன்றையும் நேராகச் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

தமிழ்நாட்டில் மருத்துவர் வீடு தேடி வருவது புதிய விஷயமே அல்ல. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அங்கிருந்து படித்து வந்தவர்கள் கன்று ஈனத் தவிக்கும் மாட்டுக்காக நள்ளிரவில் தொழுவத்துக்கு வந்து நின்றிருக்கிறார்கள். பிறப்புக்கு வந்தவர்களை இறப்புக்கும் கூப்பிடலாம். நகரங்களில் வீட்டுக்கு வந்து பார்க்கும் செல்லப்பிராணி மருத்துவர்கள் இப்போது இருக்கிறார்கள். கூப்பிடுமுன் சிலவற்றைக் கேட்டுத் தெளிவது அவசியம். முதலில் முழு மயக்கம் கொடுப்பீர்களா? மயக்கம் ஏறாத நிலையில் இதயத்தை நிறுத்தும் மருந்தை மட்டும் ஏற்றுவது அமெரிக்க நெறிமுறைகள் அறவே ஏற்காத முறை, நாமும் ஏற்கக் கூடாது. உடலை எங்கே கொண்டுபோவது? சொந்த மண்ணில் புதைப்பதானால் குழி ஆழமாக இருக்க வேண்டும். பென்டோபார்பிட்டல் உடலிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட உடலைத் தின்ற கழுகுகள் நஞ்சேறி விழுந்த நிகழ்வுகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கின்றன. தெருநாய் தோண்டினாலும் அதே கதிதான்.

இதையெல்லாம் அந்த ராத்திரியில் கேட்க முடியாது. நாய் மூச்சுக்குத் தவிக்கும்போது கை நடுங்கும், எந்த எண்ணும் நினைவுக்கு வராது. உங்கள் வீட்டில் பத்து வயது தாண்டிய நாயோ பூனையோ இருந்தால், அது இன்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் படுத்திருந்தாலும் சரி, இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்: "அந்த நாள் வந்தால், வீட்டுக்கு வருவீர்களா டாக்டர்?"